நீல அணில்

பாண்டீஸ்வரன் தன் மகள் மிருதுளாவுக்குச் சொன்ன நீல அணில் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவனே கட்டியது. மழையைத் தேடி மேகமலைக்கு மேலே பறந்துபோகும் அணில், மழை கிடைத்ததும் செத்துவிடும். அந்த இடம் வந்தாலே மிருதுளா அவன் வாயைப் பொத்துவாள்.

"சாகக் கூடாதுப்பா. மொதல்லருந்து சொல்லு."

போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோனாள். அதன்பின் அவன் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று கம்பம் சந்தையில் திராட்சையை இறக்கிவிட்டு டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் ஒரு சிறுமி தன் அம்மாவுக்கு நீல அணில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இத யாரு சொன்னா?" என்று கேட்டான்.

"எங்க மாடியில இருக்கிற அக்கா."

"எங்க வீட்டுக்கு மாடியே கெடையாதுண்ணே," என்று அம்மா சிரித்தாள்.

"மழை கெடச்சதும் என்னாச்சு?" என்று அவன் சிறுமியிடம் கேட்டான்.

"அணில் செத்துப்போச்சு. செத்தாப் பரவாயில்லையாம். அதுக்கப்புறம் என்னாச்சுன்னுதான் அக்காவுக்குத் தெரியணுமாம். அவுக அப்பா சொல்லணுமாம்."

அதற்கப்புறம் என்னவென்று அவன் யோசித்ததே இல்லை. அவன் இறங்கவேண்டிய காமயகவுண்டன்பட்டி வந்தது, அவன் இறங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "செத்த அணில் மெதுவா கண்ணு முழிச்சுச்சு," என்று ஆரம்பித்தான்.

"சத்தமாச் சொல்லுங்க மாமா. அக்காவுக்குக் கேக்கல," என்றாள் சிறுமி.

பஸ் முழுவதும் கேட்கும்படி அவன் குரலை உயர்த்தினான்.