ஹெல்மெட் சார் வீட்டு ஹால்

"இறங்கு! முதல்ல அங்கேருந்து இறங்கு!"

ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் அலறிய அலறலில், கையிலிருந்த பேப்பர் நழுவித் தரையில் விழுந்தது. ஹாலின் மூலையில் டீப்பாய். டீப்பாய் மேல் பிளாஸ்டிக் முக்காலி. முக்காலி மேல் அவருடைய மனைவி, ஒரு கையில் பெயிண்ட் டப்பாவும் மறு கையில் பிரஷ்ஷுமாக நின்றிருந்தாள்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? மேல் மூலை எட்டலை, ஏறினேன்."

"எட்டலைன்னா? ஆடற டீப்பாய் மேல முக்காலியைப் போட்டு ஏறுவியா? இந்த வயசுல சர்க்கஸ்ல சேரப் போறியா?"

"உங்களைக் கூப்பிட்டா வரவா போறீங்க? அடுத்த வாரம் மக வர்றா. ஹாலைப் பார்த்தா பழைய சத்திரம் மாதிரி இருக்கு. அதான் நானே இறங்கிட்டேன்."

"எங்கே இறங்கினே? ஏறித்தானே நிக்கறே?"

சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துப் பக்குவமாகக் கீழே இறக்கினார். பிறகு மறுபடியும் நாற்காலிக்கே போய்விட்டார்.

ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். அவர் தலை தெரிந்தாலே ஆட்கள் அவசர அவசரமாக ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்துக்கொள்வார்கள். 'ஹெல்மெட் சார்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த ஜன்னலோர நாற்காலியே கதி என்றாகிவிட்டது. முகச்சவரம் கிடையாது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எது கேட்டாலும் 'ம்'தான் பதில். இனி நம்மால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இப்படியே போனால் மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

பேப்பரை எடுத்து இரண்டு வரி கூடப் படித்திருக்க மாட்டார். நிமிர்ந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவி ஈரக் கையோடு டிரில் மிஷினைப் பிடித்து, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே சுவரில் முனையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! கையை எடு!"

இந்த முறை நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார், எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. மிஷினைப் பிடுங்கிவிட்டார்.

"போட்டோ மாட்டறதுக்கு ஒரே ஒரு ஓட்டைதாங்க."

"சுவிட்சுக்கு வயர் எந்த வழியா வருதுன்னு நினைச்சே? இந்தச் சுவருக்குள்ளதான் நேரா இறங்கி வருது. அங்கேயே ஓட்டை போடறியே!"

"வெளியில ஒண்ணும் தெரியலையே?"

"தெரியாததுதானே ஆபத்து? அதுவும் ஈரக் கை வேற!" தோளில் கிடந்த துண்டால் அவள் கையைத் துடைத்துவிட்டார். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா எனக்கு யாரு இருக்கா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் விரித்திருந்த பழைய செய்தித்தாள்களைச் சரிசெய்தாள்.

அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்பினால், ஹால் முழுக்கப் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் நெடி. ஜன்னல்களெல்லாம் இறுக்கமாகச் சாத்தியிருந்தன. தின்னர் டப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஜன்னலை யாரு சாத்தினது?"

"நான்தான். ஈரப் பெயிண்ட்ல தூசி ஒட்டுமில்ல?"

"தூசி ஒட்டாது, நீதான் மூச்சடைச்சுச் சுவத்தோட ஒட்டிக்கிட்டுக் கிடப்பே!" படார் படார் என்று ஜன்னல்களைத் திறந்தார். "போதும்மா சாமி! இனிமே நான் சொல்லாம இந்த வீட்டுல ஒரு ஆணி அசையக் கூடாது. புரியுதா?"

"சரிங்க."

விறுவிறுவென்று உள்ளே போனவர், வெளியே வரும்போது மழமழவென்று சவரம் செய்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலையில் பரணிலிருந்து எடுத்த பழைய மஞ்சள் ஹெல்மெட்.

"கடைக்குப் போய் நல்ல ஏணி, கையுறை, மாஸ்க் எல்லாம் வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் நீ எதையும் தொடாதே. அந்த நாற்காலியில உட்காரு."

அவள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தாள். படியில் அவர் கீழ்வீட்டுக்காரரை நிறுத்தி, "சார், உங்க பால்கனி பூந்தொட்டி விளிம்புல நிக்குது, உள்ளே தள்ளி வைங்க" என்று அதட்டுவது மேலே வரை கேட்டது.

சத்தம் தேய்ந்ததும் அவள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"அப்பா சவரம் பண்ணிக்கிட்டாருடி!" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "சட்டை மாத்திக்கிட்டுக் கடைக்கே போயிட்டாரு!"

"நிஜமாவாம்மா? எப்படி?"

"டீப்பாய் மேல ஏறினேன், பெரிசா அசைஞ்சு குடுக்கலை. இறக்கி விட்டுட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துட்டாரு. டிரில் மிஷினை எடுத்ததும்தான் பதறிட்டாரு பாவம். அதுக்கு பிளக்கே சொருகலைங்கறதைக் கூடக் கவனிக்கலை."

"அம்மா! எல்லாம் வேணும்னே செஞ்சியா? எதெது தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆலை ஆட்களுக்கு ஒவ்வொரு பாதுகாப்புப் பாடம் எடுக்கறதுக்கு முன்னாடியும் வீட்டுல என்னை உட்கார வச்சுத்தானே ஒப்பிச்சுப் பார்ப்பாரு? எனக்கு எல்லாம் அத்துப்படி. ஏணி, கரண்ட், பெயிண்ட்டுன்னு வரிசையா மூணு பாடம் முடிஞ்சுது. நாளைக்குத் தீயணைப்பு. அதுக்குத்தான் வீட்டுல எதைக் கொளுத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்!"