வடக்கு நோக்கி

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. இந்துஜாவின் கைகள் மட்டும் தெளிவாக நினைவிருக்கின்றன. முற்றத்தில் ஐஸ் பெட்டி அணைந்து கிடக்கிறது. கத்தாரிலிருந்து தம்பி வைகுண்டமணி வரும்வரை இரண்டு நாள், இறந்துபோன சிவபிரசாத்தை அதில் நீட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக்காரர் இறந்தால் சம்மணமிட்டு, வடக்கு நோக்கி உட்காரவைத்துத்தான் புதைக்க வேண்டும். அது அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கால் மடங்கவில்லை. பதினாறு வயது மகள் இந்துஜா சுடுதண்ணீரில் நனைத்த துண்டை அப்பாவின் முழங்காலில் வைத்து அழுத்துகிறாள். செம்பிலிருந்து ஆவி எழுகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருப்பவர்கள் தரையைப் பார்க்கிறார்கள்.

“போதும் மக்கா, எரிச்சிரலாம். விளையில பொதைச்சா பின்ன அந்த எடத்த யாரு வாங்குவா?” என்கிறார் வைகுண்டமணி.

“எரிக்கப்பிடாதுன்னு அப்பாதான் எனக்குச் சொல்லித் தந்தாரு, சித்தப்பா.”

“ஏட்டி, எலும்பு ஒடஞ்சிரும்!”

“ஒங்களுக்காவத்தான் அவர படுக்க வச்சது. ஒரு காலப் பிடியுங்க.”

அவர் அசையவில்லை. அம்மா சொர்ணம்மாள் எழுந்து வந்து பிடிக்கிறாள். காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறார்கள். இந்துஜா திருநாமத்தைக் குழைத்து, அப்பாவின் புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி இழுக்கிறாள். கோணலாகிவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடியும் இழுக்கிறாள்.

சிவபிரசாத் உட்கார்ந்தபடியே குடும்பத் தோப்பான அந்த விளையில் புதைக்கப்பட்டார். வைகுண்டமணி அதன்பின் வரவில்லை, விளையும் விற்கவில்லை. மறு ஆடியில் சொர்ணம்மாள் இறந்தாள். உடம்புச் சூடு ஆறும் முன்பே இந்துஜா அவளை உட்காரவைத்துவிட்டாள்.