பெற்றோர் அழைப்புச் சீட்டு

ஆலோசகரைப் பார்க்கக் கேட்டுப் பெட்டியில் போடும் சீட்டில் பெயர் எழுதக் கூடாது என்பது அந்த அறையின் விதி. வகுப்பு, வரிசை எண், நேரம். அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு, பதினேழு. மதிய இடைவேளை.

ஆலோசகர் சீட்டைப் பார்த்தார். வாசலில் நின்றவளைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"உள்ள வா," என்றார் கடைசியில். "கதவைத் தூக்கிச் சாத்து. இல்லேன்னா திறந்துக்கும்."

முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த அறை. ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. இருந்த ஒரே ஜன்னலையும் இரும்பு பீரோ மறைத்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு மின்விசிறி. காற்றைவிடச் சத்தத்தைத்தான் அது தாராளமாகக் கொடுத்தது.

வகுப்பில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். லேசில் வாயைத் திறக்க மாட்டாள். இந்தச் சீட்டையே மூன்று வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தவள்தான். பின் பெஞ்சு நெட்டைக்கொக்கு நச்சரித்து நச்சரித்துத்தான் இன்று பெட்டியில் போட்டாள்.

"எங்கப்பாவையே ஒரு மணி நேரத்துல கரைச்சிட்டாங்க. எங்கப்பாவை! சமையல் படிப்புக்கு இப்ப அவரே ஃபாரம் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. போய்ச் சொல்லேன், உனக்கென்ன கேடு?"

உனக்கென்ன என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆலோசகர் வழக்கமாகச் செய்வதை எல்லாம் வரிசையாகச் செய்தார். கைப்பேசியை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். கேள்வித்தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். குரல்தான் கொஞ்சம் பிசிறடித்தது.

"இங்க பேசறது இந்த நாலு சுவரைத் தாண்டாது."

பூட்டு பையிலிருந்து மேற்படிப்பு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாலு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். மேல் கட்டத்தில் மருத்துவம் என்று எழுதி, பெற்றோர் கையெழுத்தும் ஆகியிருந்தது. காலையில் ஒரு கையில் சாவிக்கொத்தோடு, நின்றபடி போட்ட கையெழுத்து. ஆலோசகர் குறிப்பு என்ற கடைசிக் கட்டம் மட்டும் காலி. அது நிரம்பாமல் விண்ணப்பம் நகராது. நிரம்பிவிட்டால் அப்புறம் அவளால் நகர முடியாது.

"எனக்கு இது வேண்டாம், மிஸ்."

"வேற என்ன வேணும்?"

"நில அளவை. மூணு வருஷம். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும்."

மூச்சு விடாமல் சொன்னாள். விட்டால் வாய் திரும்பவும் பூட்டிக்கொள்ளும்.

"நம்ம மைதானத்தை அளக்க ஒருத்தர் வந்தாரே, மிஸ், மூணு கால் கருவியோட. அதுல கண்ணை வெச்சுப் பாக்க விட்டாரு. அந்தக் கோடியில இருக்கற கம்பம் பக்கத்துல வந்து நின்னுது. அன்னிக்கே வீட்ல சொன்னேன். 'ம்'னாங்க."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

ஆலோசகர் தாளைப் பார்த்தார். பதினோரு வருஷமாக மனப்பாடமாகக் கேட்கும் கேள்வியை எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தார்.

"வீட்ல... யார்கிட்ட சொல்ல முடியல?"

"அம்மாகிட்ட."

ஆலோசகர் அதைத் தாளில் எழுதினார்.

"ஏன்னு சொல்ல முடியுமா?"

"ஊர்ல இருக்கற பிள்ளைங்க சொல்றதையெல்லாம் அவங்க காது குடுத்துக் கேப்பாங்க, மிஸ். நான் வாயைத் திறந்தா ஃபோன் வந்துடும். இல்லேன்னா தலைவலி வந்துடும். அப்புறம் பேசலாம்பாங்க. அந்த அப்புறம்தான் இன்னும் வரல."

ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, தாளில் அடுத்து இருந்ததைக் கேட்டார்.

"நான் அவங்ககிட்ட பேசிப் பாக்கட்டுமா?"

"பாருங்க. ஆனா சட்டுனு மடங்கற ஆள் இல்ல."

"தெரியும்," என்றார் ஆலோசகர்.

கடைசிக் கட்டத்தில் எழுதினார்: மாணவிக்கு இதில் விருப்பம் இல்லை. பெற்றோரிடம் பேசி முடிக்கும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவும். கீழே கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் தாளை மடித்துவிட்டார்.

அடுத்து நீலச் சீட்டுப் புத்தகம் வந்தது. பெற்றோர் அழைப்புச் சீட்டு. நாளை காலை பத்து மணிக்கு ஆலோசகர் அறைக்கு வரவும். தேதியை நிரப்பி, கிழித்து, நீட்டினார்.

அதைப் பிள்ளையே பெற்றோர் கையில் கொடுத்து, சீட்டின் கீழ்ப்பாதியில் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆலோசகர் கொண்டுவந்த ஏற்பாடுதான். நேருக்கு நேர் நின்று நீட்டும்போதே பாதிப் பேச்சு முடிந்துவிடும் என்பார்.

பூட்டு சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவைத் தூக்கி இழுத்தாள். வரவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

மணி அடித்தது. வெளியே திமுதிமுவென்று கால்கள் ஓடி ஓய்ந்தன.

கதவை விட்டுவிட்டு மேசைக்குத் திரும்பி வந்தாள். இழுப்பறைக்குள் கைப்பேசி அதிரத் தொடங்கியது. ஆலோசகரின் கை தானாக அந்தப் பக்கம் போனது.

போன கையில் நீலச் சீட்டை வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. கையெழுத்துப் போடும்மா."