வளைவில்லாத குழாய்

வளைத்தால் உறிஞ்சும் வேகம் குறையும் என்று, மரத்தூளை உறிஞ்சும் குழாயை ரம்பத்திலிருந்து வெளிச்சுவர் வரை நேராகவே ஒட்டினான் சிவநேசன். பசை இறுகிய பிறகுதான் கவனித்தான்: வீட்டை ஒட்டிய பட்டறையின், உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குக் குறுக்கே குழாய் போயிருந்தது. அவன் உள்ளே; ஜன்னலில் கம்பி.

"அறுத்துட்டு வெளிய வாங்களேன்" என்றாள் மனைவி அரசி, கதவுக்கு வெளியே நின்று.

"அறுத்தா காத்து கசியும். கழட்டி மாட்டற யூனியன் ஜாயின்ட் ஒண்ணு வாங்கி ஜன்னல் வழியா குடு. அப்புறம் அறுக்கறேன்."

உள்ளே ரம்பம் ஓடத் தொடங்கியது. அரைமணி நேரம் கழித்து அரசி சாப்பாட்டு மேசையில் விரலை ஓட்டினாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக விரலில் மரத்தூள் ஒட்டவில்லை. திறக்க முடியாமல் சாத்திக் கிடந்த பட்டறைக் கதவைப் பார்த்தாள்.

ரம்பம் நின்றது. "வாங்கிட்டியா?"

"கடை இன்னும் தொறக்கலைங்க" என்றாள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.