சாம்பிள் என்று எழுதியிருந்தது

"நானூத்திப் பன்னெண்டு, நானூத்திப் பதிமூணு..."

விஜயராணி முடியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு கொத்து வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"என்னக்கா, யாரு தலையச் சிரைச்சே?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் பக்கத்து மேசை அபிராமி.

"தலையாவது ஒண்ணாவது. வெளிநாட்டுச் சாம்பிள்டி. கவர்ல எழுதியிருக்குல்லா."

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவு என்றால் அதுதான் வேலை. சாம்பிள் என்று எழுதி எது வந்தாலும் அறுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், எடை போட்டு அட்டையில் ஒட்ட வேண்டும். ஆறு வருடமாக அவள் கை அதற்கே பழகியிருந்தது.

கவரைத் திருப்பிப் பார்த்த அபிராமிக்குச் சிரிப்பு நின்றுபோனது. "போச்சுக்கா! இது மொதலாளி சவர பிரஷ்ஷுக்கு வரவழைச்ச முடி. கஸ்டம்ஸுக்குப் பயந்து அந்தச் சைனாக்காரன் சாம்பிள்னு எழுதி வுட்டிருக்கான்!"

நான்கு மாதமாக ஆபீசில் இதே பேச்சுதான். முதலாளி அர்த்தநாரி கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். கைப்பிடியை அளவு சொல்லி இங்கிலாந்தில் கடையச் சொல்லியிருக்கிறாராம், முடிக்கொத்து சைனாவிலிருந்து வருகிறதாம், இரண்டையும் இங்கே வைத்து ஒட்ட வேண்டுமாம். "தினமும் முக்குச் சலூன்ல போய் உக்காருத மனுசனுக்கு எதுக்குக்கா தனி பிரஷ்ஷு?" என்று அபிராமியே பலமுறை கேட்டிருக்கிறாள்.

இருவருமாகச் சேர்ந்து முடியை அள்ளி, நூலால் இறுக்கி, பசை வைத்துப் பார்த்தார்கள். தேய்ந்த விளக்குமாறு மாதிரி நின்றது. விஜயராணி அதைக் கவரில் போட்டு இழுப்பறையின் அடியில் தள்ளினாள்.

சாயங்காலம் அர்த்தநாரி வந்தார். வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடியே கேட்டார். அவர் விஜயராணியின் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருடமாகிறது.

"ஏனம்மணி, சைனாவுல இருந்து பொட்டலம் ஏதாச்சும் வந்துதுங்களா?"

"வரல மொதலாளி."

சொல்லிவிட்டு இழுப்பறையை முழங்காலால் அழுத்தி மூடினாள்.

மறுநாள் காலை, கணவன் இசக்கிமுத்துவின் கன்னத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தாள். இதே கம்பெனியின் கட்டிங் மெஷின்தான் இரண்டு வருடம் முன்பு அவன் வலக்கையின் நடு மூன்று விரல்களையும் கொண்டுபோனது. மிஞ்சிய கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் பிரஷ் நிற்காது, வழுக்கி விழும். "பீச்சாங்கையால மூஞ்சியத் தொடமாட்டேன்" என்று அவன் வீம்பு. அதனால் தினமும் அவள்தான் சவரம் செய்துவிடுவாள், கூடவே ஒரு குத்தலும் இருக்கும்.

"சரக்கேத்த கண்டெய்னர் நிக்குன்னு அவசரப்பட்டு, மெஷின் தடுப்பக் கழட்டிட்டுக் கையக் குடுத்தா கத்தி என்ன கொஞ்சுமா?"

"எத்தன வாட்டிட்டி சொல்லுதது? நான் வரும்போதே தடுப்பு இல்ல."

'பொய் சொல்லாதீய' என்பதுதான் தினமும் அவள் பதில். இன்று 'பொய்' என்ற சொல் அவளையே சுட்டது.

யாரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்தவர், விரல் போனவனைக் குடோன் வாட்ச்மேனாக வைத்துக்கொண்டவர். போன ஆயுத பூசையன்று மஞ்சள் பிசைந்ததும் "பிள்ளையார இசக்கிமுத்து புடிக்கட்டும்" என்று நின்றவர். அவன் பிடித்ததில் இரண்டே இரண்டு விரல் பள்ளம்தான் விழுந்தது. "பிள்ளையார் புடிக்கக் கொரங்கா வந்துட்டு மொதலாளி!" என்று அவனே சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைக்க விடாமல் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட மனுசரிடமா?

மூன்றாம் நாள் இங்கிலாந்துப் பெட்டி வந்தது. அர்த்தநாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கருத்த மரக் கைப்பிடி, பம்பரம் மாதிரி பருத்து, இரண்டு பக்கமும் ஆழமாகக் குடைந்து இருந்தது.

அவர் வாய் திறப்பதற்குள் விஜயராணி கையோடு கொண்டுவந்த கவரை மேசையில் வைத்தாள்.

"சாம்பிள்னு போட்டிருந்துச்சு மொதலாளி, அறுத்துட்டேன். வரலன்னு பொய்யும் சொல்லிட்டேன். வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்."

அவர் அந்த விளக்குமாற்றுக் கொத்தைக் கையிலெடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை.

"சாம்பிள்னு இருந்தா அறுக்கச் சொன்னதே நான்தானுங்களே. முடி வேற தருவிச்சுக்கலாம்."

இழுப்பறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். காய்ந்து வெடித்த மஞ்சள் பிள்ளையார். அதை எடுத்துக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டிலும் ஒரே இடத்தில் பள்ளம். ஒரே ஆழம்.

விஜயராணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கண் நிறைந்து, கை தானாகக் கும்பிட்டது.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கா மொதலாளி? அவுக தடுப்பக் கழட்டுன தப்புக்கு, நீங்க எதுக்கு இம்புட்டுச் செய்யணும்?"

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அர்த்தநாரி அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கழட்டுனது நானுங்க, அம்மணி."