வெறும் மணல்

"அண்ணே, நாங்க சொன்ன இடம் இது இல்ல. எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

கல்லூரி ரோபோ அணியின் கேப்டன் குரலை உயர்த்தினான். படகுக்காரர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அரை மணி நேரம் தள்ளிப் போய், பாறைகள் தலைகாட்டும் ஓர் இடத்தில்தான் இன்ஜினை நிறுத்தினார்.

"இங்கே இறக்குங்க தம்பி. தண்ணி தெளிவா இருக்கும்."

"கடலே அவங்க அப்பன் வீட்டுச் சொத்துன்னு நினைப்பு," என்று கேப்டன் முணுமுணுத்தான்.

கேமரா பார்க்கும் பெண்ணுக்கும் எரிச்சல்தான். போட்டிக்கு நாலே நாள். கடலில் ஓட்டிப் பார்க்க இன்று ஒரு நாள்தான்.

வேறு வழியில்லாமல் நீர்மூழ்கி ரோபோவைக் கடலில் இறக்கினார்கள். வெயிலில் கண் கூசாமலிருக்க, திரையையும் தலையையும் சேர்த்து அவள் ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டாள்.

இருபது மீட்டர் ஆழத்தில் மணல். அப்புறம் ஒரு பாறை. பாறைக்கு அந்தப் பக்கம், கவிழ்ந்து கிடந்த ஒரு சின்னப் படகு. அதன் வலையில் சிக்கி ஒரு மஞ்சள் மழைக்கோட்டு.

கோட்டு காலியாக இல்லை.

அவள் கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனும் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தான்.

"பதிவை அழிச்சிடு," என்று அவள் காதில் கிசுகிசுத்தான்.

"யாரோ ஒரு மனுஷன்டா."

"தெரியுது. போலீஸ் வந்தா ரோபோவையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. ரெண்டு வருஷ உழைப்பு. போட்டி முடியட்டும், நானே போய்ச் சொல்றேன்."

அழித்தாள்.

துணியை விலக்கியபோது படகுக்காரர் எதிரே நின்றிருந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா தங்கச்சி?"

"வெறும் மணல்தாண்ணே."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேண்ணே."

அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொன்னா வர மாட்டீங்கன்னுதான் சொல்லலை. என் தம்பி கடலுக்குப் போய் எட்டு மாசமாச்சு, வீடு திரும்பல. கடைசியா அவன் படகை இந்தப் பாறைப் பக்கம்தான் பார்த்திருக்காங்க. கீழே இல்லைன்னா, எங்கேயோ கரையேறியிருப்பான். இல்லையா?"

அவள் கறுப்புத் துணியை மடித்தாள்.

"அவன் பொண்டாட்டி நேத்துதான் மனசைத் தேத்திக்கிட்டா. இனிமே வரமாட்டார், பிள்ளையைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்கே போறேன்னு பெட்டியைக் கட்டி வெச்சிருக்கா. போகாதேம்மா, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாருன்னு சொல்லிடட்டுமா?"

அவள் கேப்டனைப் பார்த்தாள். அவன் குனிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கண்ணே," என்றாள்.