பதினேழாம் நம்பர் ஸ்லைடு

"இந்த ஸ்லைடு நீங்க இங்க போட்டது இல்ல."

வெளித்தேர்வாளர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். எதிரே பதினேழாம் நம்பர் மாணவி நின்றாள்.

தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கான செய்முறைத் தேர்வு. மேசைக்கு மேசை வெங்காய வேரின் நுனியை நசுக்கி, செல் பிரிவதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யார் பெயரும் தேர்வாளருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நம்பர் மட்டும்தான்.

"மத்தவங்களுக்கு இன்னும் ஒரு செல்லே சிக்கல. உங்களுக்கு மட்டும் பத்து நிமிஷத்துல எல்லா நிலையும் வந்து நிக்குதே, எப்படி?"

"வேர் நல்லா இருக்கு சார்."

"வேர் எல்லாருக்கும் ஒண்ணுதான். கையைக் காட்டுங்க."

நீட்டினாள். விரல்களில் நகக்கண் வரை சிவப்புச் சாயம் ஏறியிருந்தது.

"இது இன்னிக்குப் பட்டது இல்ல. நேத்தே வீட்டுல போட்டுப் பையில கொண்டு வந்திருக்கீங்க."

"எனக்கும் ஒண்ணு சேர்த்துப் போட்டிருக்கக் கூடாதா?" என்று வழுக்கைத் தலைப் பதினாறாம் நம்பர் முணுமுணுத்தார். அவர் அரை மணியாகத் தன் கண்ணிமை முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருட்டு ஸ்லைடு பிடிப்பதில் தேர்வாளருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் கொஞ்சம் மிதப்பும் உண்டு. பக்கத்தில் நின்ற, அந்தக் கல்லூரியின் துறைத்தலைவி பக்கம் திரும்பினார்.

"என்ன மேடம், முறைகேடுன்னு எழுதிடலாமா?"

துறைத்தலைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தேர்வாளர் நீங்க. உங்களுக்குச் சரின்னு படுறதைச் செய்யுங்க சார்."

"சார்," என்றாள் பதினேழாம் நம்பர். குரலில் கெஞ்சல் இல்லை. "இது என் கடைசிப் பேப்பர். நீங்க எழுதிட்டா டிகிரி கிடையாது. இன்னொரு ஸ்லைடு போடுறேன். வேரை நீங்களே எடுத்துக் குடுங்க. பக்கத்துலயே நில்லுங்க."

அவரே புட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு வேரை எடுத்துக் கொடுத்தார்.

அவள் நுனியில் எள்ளளவு மட்டும் நறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினாள். ஒரு சொட்டுச் சாயம். ஸ்பிரிட் விளக்கின் மேல் ஸ்லைடை இப்படியும் அப்படியும் காட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தாள். கண்ணாடி வில்லையால் மூடி, மேலே தாள் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. வில்லை மயிரிழை கூட நகரவில்லை. பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். பென்சிலை எடுத்தாள்.

தேர்வாளர் படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "பிரியற குரோமோசோம் ரெண்டு பக்கமும் சுத்தமா விலகிப் போகணும். நடுவுல என்ன இது கயிறு? புத்தகத்துல இப்படி இல்லையே?"

"புத்தகத்துல இல்ல சார். இதுல இருக்கு."

கூடத்தில் பென்சில் சத்தம் நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். எதிரெதிரே விலகும் இரண்டு கூட்டங்கள். நடுவில் ஒரே ஓர் இழை, இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு, அறுந்துவிடுவதுபோல் மெலிந்து நின்றது. ஆயிரத்தில் ஒரு செல்லில் வரும் பிசகு.

வெகுநேரம் அவர் நிமிரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருடைய நோட்டில் 'புத்தகம் பார்த்துத் திருத்தவும்' என்று எழுதியிருப்போம் என்று எண்ணிக்கொண்டார். அதில் எத்தனை பேர் உண்மையாகவே பார்த்து வரைந்தார்களோ?

நிமிர்ந்து, முழு மதிப்பெண் போட்டார். "தப்பா நினைச்சுட்டேன்மா. மன்னிக்கணும்."

"நீங்க கேட்டதுல தப்பே இல்ல சார். கேட்காம விட்டிருந்தாதான் எனக்கு மனசு ஆறியிருக்காது." தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

தேர்வு முடிந்தது. மதிப்பெண் உறையை ஒட்டி, கையெழுத்துப் போட்டதும் தேர்வாளர் சொன்னார்: "அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான், மேடம். ஆனா பாதிப் பெருமை அந்த வேரை வெட்டினவங்களுக்குச் சேரணும். சரியான நேரம் பார்த்து வெட்டியிருக்காங்க. எங்க கல்லூரியில வருஷா வருஷம் செத்த வேர்தான் வரும். உங்க லேப் அட்டெண்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பாராட்டிட்டுப் போறேன்."

காலையிலிருந்து இறுகியிருந்த துறைத்தலைவியின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"அவங்க இன்னிக்குப் பரீட்சை எழுதணும்னு லீவு சார், உறையை ஒட்டுற வரைக்கும் யாருன்னு உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."